புங்கமரத்தை வெட்டிப் பசுமைத் தெரு

தருமபுரி,
மே 11

அன்பு மகள் கவிப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், வெயில் எங்களைவிட நலம். ஜெர்மனியில் உனக்கு உடம்பு எப்படி, கேழ்வரகு மாவு வந்து சேர்ந்ததா, வாரம் இரண்டு நாளாவது களி கிண்டிச் சாப்பிடு, ரொட்டியையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. போனில் பேசலாம் என்றால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறார், சொல்ல வேண்டியதோ அவரைப் பற்றித்தான். அதனால் இதை எழுதி, பக்கத்து வீட்டு மணிமேகலையை விட்டுப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

நீ அங்கே ஊருக்குள் மரம் வைத்து, மழைத்தண்ணீரை மண்ணில் இறக்கி, வெயிலைத் தணிக்கிற வேலை பார்க்கிறாய் என்று அப்பா தெருவெல்லாம் சொல்லி வைத்ததில், தெரு நலச் சங்கத்துக்கு அவரையே தலைவராக்கிவிட்டார்கள். மகள் டாக்டர் என்றால் அப்பன் ஊசி போடலாம் போலிருக்கிறது. இப்போது நம் தெரு பசுமைத் தெரு ஆகப் போகிறது. நூறு கன்று, சிமெண்ட் தொட்டி, பெரிய போர்டு. போர்டு வைக்கத் தெரு முழுக்க அளந்து பார்த்து, நம் வாசல் புங்கமரம் நிற்கிற இடம்தான் பொருத்தம் என்று முடிவு செய்தார்கள். ஆக, மரத்தை எடுத்துவிட்டு அங்கே பசுமைத் தெரு என்று எழுதி வைப்பார்கள். ஏன் என்று கேட்டேன். அது பழைய மரம், திட்டத்தில் வராது, சருகு வேறு கொட்டுகிறது என்கிறார் அப்பா. அதன் கீழே கீரை விற்கிற கோவிந்தம்மாள் எங்கே போவாள் என்றால், கன்று வளர்ந்ததும் அதன் கீழே உட்காரலாமாம். அவளுக்கு இப்போதே அறுபத்தெட்டு வயது. வந்திறங்கிய கன்றுகள் வாடக்கூடாது என்று அவற்றைக்கூட அந்தப் புங்கமரத்து நிழலில்தான் அடுக்கி வைத்திருக்கிறார்.

போன திங்கட்கிழமை விழா. பந்தல்காரர் நல்லம்பள்ளியில் ஒரு கல்யாணத்தில் மாட்டிக்கொண்டு வரவில்லை. பதினொரு மணி வெயிலில் வந்தவர்கள் அத்தனை பேரும் மரத்தடிக்கு ஓடினார்கள். விருந்தினர் கார் அங்கே, அப்பாவின் வண்டி அங்கே, மரம் வெட்ட வந்த ஆளும் தன் டிவிஎஸ்ஸை நிழல் பார்த்தே நிறுத்தினார். வண்டிகளை எடுங்கள், மரத்தைச் சாய்க்க வேண்டும் என்று அப்பா மைக்கில் மூன்று முறை கேட்டுப் பார்த்தார். சீட்டு சுடும் என்று ஒருவரும் அசையவில்லை. அவரும் தன் வண்டியை எடுக்கவில்லை. மரம் அன்றைக்குப் பிழைத்தது.

எனக்குச் சிரிப்பாக வந்தது, இப்போது சிரிக்க முடியவில்லை. வரும் வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுவதற்குள் வெட்டிவிடுவதாகத் தீர்மானம் போட்டுவிட்டார்கள். அந்நேரம் யாருக்கும் நிழல் தேவைப்படாது. நேற்று கோவிந்தம்மாள் கீரைக்கட்டைக் கையில் கொடுத்துவிட்டு, "உங்க பாப்பா அந்த ஊர்ல மரம் வெக்குதாமே, இங்க இருக்கறத வுட்டுடச் சொன்னா போதுங்கம்மா" என்றாள்.

நான் சொன்னால் வீட்டுக்காரி புலம்பல், நீ சொன்னால் வெளிநாட்டு ஆலோசனை. அதனால் புதன்கிழமை கட்டாயம் அப்பாவுக்குப் போன் செய், நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. ஸ்பீக்கரில்தான் போடுவார், தெருவே கேட்கட்டும். வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி. குலதெய்வம் முனியப்பன் துணையிருக்க, ஒரு குறையுமில்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
நிர்மலா

பின்குறிப்பு: 'ஊரைக் குளிர வைக்கும் எங்கள் தெரு மகள்' என்று உன் படம் போட்டு ஆறடியில் பிளக்ஸ் வைத்திருக்கிறார் அப்பா. கட்டியிருப்பது அந்தப் புங்கமரத்தில்தான். வியாழக்கிழமை முதலில் உன்னை இறக்குவார்கள், பிறகு மரத்தை.