ஏழ்கரை நாட்டின் எரிந்த பாலம்

12-3-1958, விழுப்புரம்

சென்னையிலிருந்து கையெழுத்துப் பிரதி திரும்பி வந்துவிட்டது. பதிப்பாளரின் கடிதம் நாலே வரி. "விறுவிறுப்பு உண்டு. ஆனால் ஏழ்கரை நாடு என்று ஒரு நாடு எங்கும் இல்லையே. மன்னனைச் சோழனாக்கி, நடக்கும் மலைகளை எடுத்துவிட்டு அனுப்பினால் பார்க்கலாம்."

எங்கும் இல்லை என்பதால்தானே ஐயா எழுதினேன்! ஒரு மலையைக்கூட உட்காரவைக்க மாட்டேன்.

13-3

என் மனைவி செண்பகம் கையெழுத்துக் கட்டைப் பார்த்துவிட்டு, "இதுவே இவ்ளோ இருக்குது, இன்னும் ஆறு பாகமா?" என்றாள். ஆமாம், ஆறு. முதல் பாகம் வந்தால்தான் மற்ற ஆறும். "இதுல யாராச்சும் சோறாக்குறாங்களா?" யோசித்துப் பார்த்தால் ஒருவரும் இல்லை.

2-4

ரயில்வே பார்சல் ஆபீசில் என் வேலை முடிந்ததும் நேரே அச்சகத்துக்குப் போனேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற இடம்தான். இருக்கட்டும், நானே போட்டுக்கொள்கிறேன். அச்சுக் கோக்கும் கம்பாசிட்டர் கண்ணையன் முதலிலேயே எச்சரித்தார்: "நம்மகிட்ட எழுத்து கம்மி சார். எட்டுப் பக்கம், அதான் ஒரு ஃபாரம், கோத்து அடிச்சதும் கலைச்சிட்டுத்தான் அடுத்த எட்டு. அப்பால மாத்தணும்னு வராதீங்க."

மாற்றுவதா? நானா?

20-4

மூன்றாவது ஃபாரம் அடித்தாயிற்று. தாய் இறந்து கிடக்கிறாள். அக்கரையில் இருக்கும் தம்பி வந்து சேராதபடி அண்ணன் மாகதிரன் வேர்ப்பாலத்துக்குத் தீ வைக்கிறான்.

மாகதிரன் யார் என்று திண்டிவனத்தில் இருப்பவருக்குத் தெரியும். தாய்க்குக் கொள்ளி வைப்பது இளைய மகனின் உரிமை. நான் அப்போது வேலை பார்த்த பொன்மலையிலிருந்து வந்து சேர்வதற்குள் என் அண்ணன் அப்பாதுரை வைத்துவிட்டார். ஒன்பது வருஷமாக அவரோடு பேச்சு இல்லை. கடைசி அத்தியாயத்தில் மாகதிரனின் தலை தம்பியின் வாளுக்கு. அந்தப் பக்கத்தைத்தான் முதலில் எழுதினேன். மற்றதெல்லாம் அதற்காக.

9-6

கை மையோடு கண்ணையன் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"சார், மீதிக் கட்ட முன்னாடியே படிச்சிட்டேன். கடைசியில தம்பி படையோட பாலத்து மேல வர்றாரு."

"ஆமாம்."

"எந்தப் பாலம் சார்?"

கையிலிருந்த பார்சல் சீட்டைக் கீழே வைத்தேன்.

"நீங்கதான எரிச்சீங்க? மூணாவது ஃபாரத்துல நான்தான் கோத்தேன். மறுபடி முளைக்க நூறு வருஷம் ஆவும்னு வேற எழுதியிருக்கீங்க. அந்த ஆத்துல ஓடம் மிதக்காதுன்னும் சொல்லிட்டீங்க."

"மலை ஒன்று சுமந்துவந்தால்?"

"மலைங்க தண்ணியக் கண்டா நின்னுடும்னு ஏழாவதுல இருக்குது சார்."

இந்த ஆளை யார் இவ்வளவு கவனமாகப் படிக்கச் சொன்னது?

10-6

பிழைதிருத்தம் என்று ஒரு சீட்டு ஒட்டிவிடலாம் என்கிறார். எல்லாரும் செய்வதுதானாம். முடியாது. இப்படி ஒரு நாடே இல்லை என்றான் ஒருவன். அந்த நாட்டில் பாலம் எரியவே இல்லை என்று நானே சீட்டு ஒட்டுவதா? எரிந்தது எரிந்ததுதான்.

14-6

அப்படியானால் மாகதிரன் சாகமாட்டான்.

சாகாமல் விடுவதா? அந்த ஆளையா? ஒன்பது வருஷம் இதுக்கா பல்லைக் கடிச்சிக்கினு இருந்தேன்? சே, ஒரே பேஜாரு.

17-6

எழுதிவிட்டேன். வாள் இல்லை. தம்பி அக்கரையில் நின்று கத்துகிறான்: "ஏன் எரித்தாய்?" மாகதிரன் பதில் சொல்ல வேண்டும். அவனுக்கென்று என்னிடம் ஒரு வரி இல்லை. முந்நூறு பக்கம் அவனை வைதிருக்கிறேன், ஒரு காரணம்கூடக் கொடுக்கவில்லை. மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்று முறையும் என் குரலிலேயே பேசினான். கடைசியில் பேசாமல் நிற்கவைத்துவிட்டேன். முதல் பாகம் அங்கே நிற்கிறது.

22-8

புத்தகம் வந்துவிட்டது. சோழன் இல்லை, சீட்டும் இல்லை. மலைகள் நடக்கின்றன. முதல் பிரதியைச் சென்னைப் பதிப்பாளருக்குத்தான் அனுப்பினேன். படிக்கட்டும்.

கண்ணையனுக்கு ஒன்று கொடுத்தேன். "அந்த அண்ணங்காரரு இன்னா பதில் சொல்லுவாரு சார்?" என்றார்.

"இரண்டாம் பாகத்தில் வரும்."

"உங்களுக்குத் தெரியுமா சார்?"

தெரியாது. ஆனால் தலையை ஆட்டிவிட்டேன்.

7-9, திண்டிவனம்

காலைப் பாசஞ்சரில் வந்தேன். சமாதானத்துக்கு அல்ல, இரண்டாம் பாகத்துக்கு. அண்ணன் களத்தில் மல்லாட்டைக் கடலை காயவைத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்: "எனக்காக ஏன் காத்திருக்கவில்லை?"

அவர் குனிந்தபடியே இருந்தார். "அடைமழைடா. பாதை அறுத்துக்கினு ரயிலு நின்னுபோச்சு. மூணு நாளு அம்மாவ வச்சிருந்தேன். ஊரே திட்டுச்சி."

"நான் நடந்தாவது வந்திருப்பேன்."

"நடந்துதான் வந்த. முழங்காலு வரைக்கும் சேறு. நாங்க சுடுகாட்டுலேர்ந்து திரும்பிக்கினு இருந்தோம். உன் மூஞ்சியப் பாத்தேன். எனக்கு வாயே வரல."

இதை நான் ஏற்கவில்லை. இன்னொரு நாள் பொறுத்திருக்கலாம். முகத்துக்கு நேராகவே சொன்னேன். "சொல்லிக்கினு இரு" என்றார், கோபமில்லாமல். பிறகு அவரே தொடங்கினார். அம்மாவின் கடைசி வாரம், யார் யார் வந்தார்கள், அவள் என்ன கேட்டாள் என்று. வாதாடிக்கொண்டேதான் குறித்துக்கொண்டேன். பதினோரு பக்கம் ஆகிவிட்டது.

நாளைக்கு விடுப்பு வேண்டும் என்று ஆபீசுக்குத் தந்தி கொடுத்திருக்கிறேன். அவர் இன்னும் முடிக்கவில்லை.