‘ரிஃப்-ராஃப்’ என்றவரும் உன் நிரையும்

என் அண்ணன் பெண்டாட்டி, என் பக்கத்து நிரைக்காரி, ஞானம் மதினிக்கு,

தேயிலைக் கொழுந்து பறிக்கிறவளுக்கு இங்கிலீசு அகராதி எதற்கு என்று உன்னை எத்தனை தடவை கிண்டல் செய்திருப்பேன்! தலவாக்கலை டவுன் நடைபாதையில் வாங்கிய அந்த அட்டை கிழிந்த புத்தகத்தை மாவு டின்னுக்குப் பின்னால் வைத்திருந்தாய். அதில் உனக்குப் பிடித்தவை ஜோடியாக ஒலிக்கும் சொற்கள்தான்.

மலையில் நிரை விட்டு நிரை அவற்றைக் கூவிச் சொல்வாய். ‘விலி-நிலி’ என்றால் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். கொட்டும் மழையில் மலை ஏறும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பாய். ‘ஹோகஸ்-போகஸ்’ கண்கட்டு வித்தைக்காரன் சொல்லும் போலி லத்தீனாம். அதை எடை குறைத்துக் காட்டும் கொழுந்துத் தராசுக்கு முன்னால் மட்டும் முணுமுணுப்பாய். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

நீ போய் எட்டு நாளாகிறது. செத்தவளின் நிரையை ஒரு பறிப்புச் சுற்று தொடாமல் விடுவது நம் ஆட்களின் வழக்கம் அல்லவா? திங்கட்கிழமை நம் மலைக்கு வந்தோம். உன் நிரையை விட்டுவிட்டு மற்றதில் கொழுந்து எடுத்தோம். மேற்பார்வைக்குப் புதிதாக வந்த ஐயா பார்த்துவிட்டார்.

"அது என்ன மிச்சம்? எடுங்க."

"அது ஞானத்தோட நிரைங்க. இந்தச் சுத்து எடுக்க மாட்டோம்."

எடுக்காதவர்கள் நாளைக்குக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கே வர வேண்டாம் என்று கத்தினார். பிறகு எங்களுக்குப் புரியாது என்று நினைத்து, ‘ரிஃப்-ராஃப்’ என்றார். ஒன்றுக்கும் உதவாத கூட்டம் என்று அர்த்தம். நான் நிரையை விட்டு அவர் முன்னால் போய் நின்றேன், மதினி.

"ஐயா, அந்தச் சொல்லு பழைய பிரெஞ்சுலருந்து வந்ததுங்க. ஒன்னு விடாம சுருட்டிக்கிட்டுப் போறதுதான் அதோட அர்த்தம். எங்க ஞானம் சொல்லியிருக்கா. நாங்க பறிக்கிறதெல்லாம் உங்க லொறியிலதானே போவுது? அப்ப சுருட்டுறது யாருங்க?"

நான் கூடையை இறக்கி வைத்தேன். பார்த்தால் எங்கள் இருபது பேரின் கூடைகளும் தரையில் இருந்தன! ஐயா திரும்பி நடந்துவிட்டார். மறுநாள் எல்லோரும் பெரட்டுக்குப் போனோம். யாரையும் திருப்பி அனுப்பவில்லை.

நீ இருந்தபோது ஏன் ஒரு சொல்லையாவது மரியாதையாகக் கேட்டுக்கொள்ளவில்லை நான்? ஐயாவிடம் நான் சொன்னதை நீ கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

உன் நிரை இப்போது முழங்கைக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. நிற்கட்டும். அடுத்த சுற்றில் அதை நானே எடுப்பேன், வேறு யாரையும் விட மாட்டேன். இனி எங்களை எவர் எந்தப் பெயர் சொல்லி அழைத்தாலும், அது எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். அகராதி இப்போது என் மாவு டின்னுக்குப் பின்னால் இருக்கிறது.

உன் நாத்தனார்,
பக்கத்து நிரை பவளம்