ஈரத்தோடு பூட்டிய கார்

ஹரோ,
22 பெப்ரவரி 1987

என் அன்புள்ள அத்தானுக்கு,

நானும் உங்கள் மகள் கோதையும் சுகமாக இருக்கிறோம். போன மாதம் இப்படி எழுதியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். அதனால்தான் எழுதவில்லை. உங்கள் கப்பல் அடுத்த துறைமுகத்தை அடையும் நாளைப் பார்த்து இதை அனுப்புகிறேன். நின்றபடி படிக்காதீர்கள். ஒரு தேநீரோடு உட்கார்ந்து படியுங்கள்.

இதற்கு முன்பே உங்கள் அண்ணையின் கடிதம் வந்திருக்கும். நான் கராஜ் பூட்டை அறுத்துவிட்டேன் என்று எழுதியிருப்பார். உண்மை, அறுத்தேன். ஏன் அறுத்தேன் என்பதை அவர் எழுதியிருக்க மாட்டார்.

நவம்பரில் புறப்படும்போது காரையும் கராஜ் பூட்டின் திறப்பையும் அண்ணையிடம் ஒப்படைத்தீர்கள். "தவநாயகிக்கு இதொண்டும் விளங்காது, நீங்களே பாத்துக்கொள்ளுங்கோ" என்று என் முன்னாலேயே சொன்னீர்கள்.

ஜனவரி நடுப்பகுதியில் இங்கே பனி கொட்டியது. ரோட்டெல்லாம் உப்புப் போட்டிருந்தார்கள். அந்த உப்புச் சேற்றுக்குள் அண்ணை நம் காரை வால்தம்ஸ்டோவில் ஒரு கலியாணவீட்டுக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்தபோது அடியெல்லாம் சொட்டியது. உள்ளே ஏறியவர்களின் சப்பாத்துப் பனி உருகிக் கம்பளமும் ஊறிப்போயிருந்தது. அப்படியே கராஜுக்குள் விட்டு, தார்ப்பாயால் மூடிப் பூட்டிவிட்டார். கொஞ்சம் காயவிட்டு மூடுவோமே என்று சொன்னேன். "கராஜுக்குள்ள நிக்கிற காருக்கு என்ன வரப்போகுது? நீர் உள்ள போய்ச் சமையலைப் பாரும்" என்று சொல்லிவிட்டுத் திறப்போடு கிங்ஸ்பரியில் உள்ள தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

கராஜுக்கு மேலேதான் கோதையின் அறை என்பது உங்களுக்குத் தெரியும். பத்து நாளில் அந்த அறையில் ஈரச்சாக்கு மணம் பிடித்தது. பிள்ளை இருமத் தொடங்கினாள். பிறகு மூச்சு இழுப்பு வந்தது. வீட்டில் எங்கேயாவது பூஞ்சணம் இருக்கிறதா என்று டொக்டர் கேட்டார். வீடு முழுக்கத் தேடினேன், எங்கும் இல்லை. நான் பார்க்க முடியாத இடம் ஒன்றுதான் இருந்தது. அண்ணைக்கு மூன்று தரம் போன் செய்தேன். முதல் இரண்டு தரமும் ஞாயிறு வருவதாகச் சொன்னார், வரவில்லை. மூன்றாம் தரம் உங்கள் பெயரைச் சொல்லி, "ஆனந்தராஜா வரட்டும், திறப்பம்" என்றார்.

பெப்ரவரி மூன்றாம் தேதி காலையில் கோதையின் உதடு நீலமாகிவிட்டது. அம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒக்சிசன் வைத்தார்கள். மத்தியானம் அவள் கண் அயர்ந்த பிறகு, உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தேன். உடுப்பு எடுக்கும் முன் பக்கத்து வீட்டு டொலறஸிடம் போய் இரும்பு அறுக்கும் வாளை வாங்கினேன். அவள் அறுத்துத் தருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்று நானே அறுத்தேன். கை கிழிந்தது. அந்தத் தழும்பை வந்து பாருங்கள்.

தார்ப்பாயின் உட்பக்கம் மழை பெய்ததுபோல் நீர் துளித்து நின்றது. சீட்டெல்லாம் பச்சைப் பூஞ்சணம். கம்பளத்தைத் தூக்கினால் தண்ணீர் பிழிந்தது. அதன் கீழே தகரம் சிவந்து, விரல் பட்ட இடம் செதில் செதிலாகக் கழன்றது. அடைத்த கராஜில் வீட்டுச் சூடும் ஈரமும் உப்பும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும், இதைவிட வெளியே குளிர்காற்றில் நின்றிருந்தால் கார் தப்பியிருக்கும் என்றாள் டொலறஸ். நீங்கள் கப்பல் எஞ்சினியர். உப்புத் தண்ணீர் பட்ட இரும்பை நல்ல தண்ணீரில் கழுவாமல் மூடிவைத்தால் உங்கள் ஆட்களைச் சும்மா விடுவீர்களா?

உங்கள் மேசை லாச்சியை இழுத்து, அதில் கிடந்த காரின் மற்றத் திறப்பை எடுத்தேன். மூன்றாம் முயற்சியில் எஞ்சின் பிடித்தது. பின்னுக்கு எடுத்து வெளியே நிறுத்தினேன். ஓம், நான்தான் ஓட்டினேன். நீங்கள் போன தரம் கடலில் இருந்தபோதே டொலறஸின் காரில் பழகத் தொடங்கினேன். டிசம்பரில், இரண்டாம் தரம் போய், டெஸ்ட் பாஸ் பண்ணினேன். என் பெயரில் இன்ஷூரன்ஸும் எடுத்திருக்கிறேன்.

கோதை வீட்டுக்கு வருவதற்குள் கராஜ் சுவரைத் தேய்த்துக் கழுவினேன். ஹோஸ் பிடித்துக் காரின் அடியெல்லாம் உப்புப் போகக் கழுவி, கம்பளங்களைக் கழற்றி, வெயில் எட்டிப்பார்த்த நாட்களில் கதவெல்லாம் திறந்து காயவிட்டேன். காரின் தளத்தில் ஓர் இடத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. வெல்டிங் செய்தாயிற்று. கராஜ் கதவு இப்போது ஒரு முழம் திறந்தே இருக்கிறது. கார் வெளியில் நிற்கிறது.

அண்ணை வந்து தெருவில் நின்று சத்தம் போட்டார். "ஆருடைய கார் இது? ஆரைக் கேட்டுப் பூட்டை உடைச்சனீர்?" என்றார். அயலவர்கள் ஜன்னலால் பார்த்தார்கள். "பிள்ளைக்கு மூச்சு முட்டினபோது நான் ஆரையும் கேட்கேல்லை. இனியும் கேட்கமாட்டன்" என்றேன். அவர் திறப்பைப் படியில் எறிந்துவிட்டுப் போனார். நான் குனிந்து எடுத்தேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

கோதை இப்போது இரவெல்லாம் இழுப்பில்லாமல் தூங்குகிறாள். சனிக்கிழமைகளில் அவளைத் தமிழ் வகுப்புக்கு நான்தான் காரில் கொண்டுபோகிறேன்.

மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். எழுதப்போவதில்லை. உங்களுக்குக் கோபம் வந்தால் அங்கிருந்தே எழுதி அனுப்புங்கள். வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

ஏப்ரலில் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அண்ணையை வரச்சொல்ல வேண்டாம். நானும் பிள்ளையும் காரில் வருவோம். பெட்டிகளைப் பின்னால் வைத்துவிட்டு, இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறுங்கள். கடல் உங்களைப் பத்திரமாக எங்களிடம் திருப்பித் தரட்டும்.

உங்கள் அன்பு மறவாத
தவநாயகி