நீர் சீவிய உருளைக்கிழங்கு

துன் நகரத்தில் பழைய சாமான் விற்கும் கடையொன்றில் நேற்று உமது தட்டைக் கண்டேன். ஐந்து கோப்பைகளும் ஒரு கேத்திலும் தட்டோடு ஒட்டினபடியே இருந்தன. தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை. அமெரிக்காவில் நாற்பது வருடம் இந்தத் தட்டோடு படிகளில் உருண்டு விழுந்து பேர் எடுத்த சிரிப்பு நடிகர் நீர். கோப்பைகள் ஒட்டியவை என்று தெரிந்த சிலரில் நானும் ஒருத்தி. அவற்றுக்குத் தூசி தட்டியவள் நான்தானே.

நீர் உயிரோடு இருந்தவரை உம்மை 'நீங்கள்' என்றுதான் நினைத்தேன். இப்போது மரியாதையைக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன். கோபித்தால் கோபியும்.

ஏரிக்கரை வீட்டில் உமக்கு வாரத்தில் மூன்று நாள் துப்புரவு செய்தேன். மூன்றாவது மனைவியின் ஊர் என்று இங்கே வந்தீராம். அவ விட்டுப்போன பிறகும் நீர் போகவில்லை. மகன் கிறிஸ்மசுக்கு அனுப்பும் அட்டைகளைப் பிரிக்காமலே மேசை லாச்சிக்குள் போடுவீர். உமது பழைய படங்களைப் போட்டுவிட்டு நீரே விழுந்து விழுந்து சிரிப்பீர். "விழுந்தவன் அழாவிட்டால்தான் சனம் சிரிக்கும்," என்பீர், அரைவாசி ஜெர்மனிலும் அரைவாசி ஆங்கிலத்திலும்.

ஒருநாள் உமது தாய் செத்த கதையைச் சொன்னீர். அன்றைக்கும் இரண்டு காட்சி ஆடினீராம். அதைப் பெருமையாகச் சொன்னீர். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் என் கதையைச் சொல்லித் தொலைத்தேன். இன்டர்லாக்கனில் ஹோட்டல் குசினியில் வேலைக்கு நின்றபோதுதான் அம்மா செத்த செய்தி வந்தது. அப்போது என்னிடம் இருந்த அகதி பெர்மிட்டோடு ஊருக்குப் போக முடியாது. கிழங்கு மூட்டைக்கு முன்னால் இருந்து தோல் சீவத் தொடங்கினேன். தோல் முடிந்ததும் தெரியாமல் சீவிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு கிழங்கும் புளியங்கொட்டை அளவாகி, பிறகு இல்லாமலே போனது. மூட்டை முடிகிற நேரம் செஃப் வந்து கையைப் பிடித்தார். அம்மாவுக்கு நான் செய்த செத்தவீடு அவ்வளவுதான். என் மனுசனுக்கும் சொல்லாததை உமக்குச் சொன்னேன். அழாமல் சொன்னது என் பிழை.

ஊரில் சண்டை நின்று, சமாதானம் என்று எங்கள் சனமெல்லாம் ஊருக்குப் போய்வந்த வருடம், துன் மண்டபத்தில் உமது கடைசி நிகழ்ச்சி நடந்தது. எனக்கும் என் மனுசனுக்கும் மூன்றாம் வரிசையில் இடம் தந்தீர். மேடையில் கதிரையில் இருந்து, இல்லாத கிழங்கொன்றை எடுத்துச் சீவத் தொடங்கினீர். பாதியில் நிறுத்தி, நிமிர்ந்து சனத்தைப் பார்த்து, சிரிப்புக்கு இடம் விட்டு, திரும்பவும் சீவினீர். கிழங்கு மறைந்ததும் குனிந்து நிலமெல்லாம் தேடினீர். மண்டபமே குலுங்கியது. என் மனுசன் கண்ணீர் வரச் சிரித்தார். "இஞ்சை பாரப்பா, கிழங்கைக் காணேல்லை! என்ன மனுசனடா இவன்!"

அம்மாவை மட்டும் விட்டுவிட்டீர்.

ஏன் அதைச் சிரிப்பாக்கினீர்கள் என்று அடுத்த நாள் கேட்டேன். "நீ அழாமல்தானே சொன்னாய்," என்றீர். பிறகு, பெரிய பரிசு தருபவர்போல, "நான் மேடையில் செய்ததிலேயே அதுதான் திறம்," என்றீர். வீட்டுச் சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

நீர் செத்த செய்தி தொலைக்காட்சியில் வந்தபோது என் மனுசன் கவலைப்பட்டார். "பாவம், நல்ல மனுசனெல்லோ?"

"ஓம், நல்லாச் சீவுவார்," என்றேன்.

உமது தாய்க்கு அழத் தெரியாமல்தான் என் தாயை எடுத்தீரோ என்று சிலவேளை யோசித்திருக்கிறேன். அப்படியே இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உம்மை மன்னிக்க எனக்கு மனமில்லை. அம்மா செத்த அந்த நாளை நினைத்தால் இப்போது என் கைகள் ஞாபகத்துக்கு வருவதில்லை, உமது கைகள்தான் வருகின்றன. பின்னால் அந்த மண்டபமும் சிரிக்கிறது.

தட்டைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்தேன். பின்னேரம் கறிக்கு உருளைக்கிழங்கு சீவினேன். பாதியில் கை தானாக நின்றது. நிமிர்ந்து பார்த்தேன், சிரிப்புக்கு இடம் விட்டு. குசினியில் ஒருவரும் இல்லை.