பட்டுத்துணி போர்த்த ஸ்பீக்கர்கள்

மச்சான்,

நேற்று அந்த வீட்டில், பெரியபிள்ளையானவளுக்குச் சாமத்தியச் சடங்கு. வாடகைக் கதிரைகளை இறக்கப் போனேன். பட்டம் முடித்துவிட்டுக் காத்திருக்கிறவனுக்குக் கரவெட்டியில் கிடைக்கிற வேலை இதுதான். மண்டபம் முழுக்க வாழைப்பழ வாசம். பலகாரத் தட்டுகள் வரிசையாக இருந்தன. இரண்டு தட்டுகள் மட்டும் பட்டுத்துணி போர்த்த இரண்டு உயரமான பெட்டிகளின் மேல். துணிக்குக் கீழே தெரிந்த கறுப்பு மூலையைக் கண்டதும் நின்றுவிட்டேன். உன் ஸ்பீக்கர்கள்.

உன்னுடையவை என்பது பிழை. லண்டனில் இருக்கிற வீட்டுக்காரருடையவை. நீ வீட்டைப் பார்த்துக்கொண்டவன், அவ்வளவுதான். சில வருடங்களுக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிறவருக்கு மார்பிள் மண்டபம், கப்பலில் வந்த பாட்டுச் செற். தூசு தட்டச் சொல்லியிருந்தார். நீயோ, "ஓட விடாட்டில் உது செத்துப்போமடா" என்று அதை ஓட விட்டாய்.

அந்த மண்டபத்தில் ஒவ்வொரு தவில் அடியும் இரண்டாகக் கேட்டது. "காசைக் கொட்டி வீட்டைக் கிணறாக்கி வைச்சிருக்கினம்" என்று திட்டிக்கொண்டே, அலுமாரியிலிருந்த படுக்கைவிரிப்புகளைச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டாய். கதிரையை முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்து, "இதிலை இரு, தலையை ஆட்டாதை" என்றாய். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத இடத்தில், நாதஸ்வரம் வந்து நின்றது. ஊதுகிறவர் மூச்சு இழுப்பது கேட்டது.

"கேக்குதோ?"

"ஓம்."

"பொய் சொல்லாதை."

"கேக்குது மச்சான்!"

கோயில் ஒலிபெருக்கிக்குக் கீழே வளர்ந்தவன் நான். இசை என்றால் இரைச்சலுக்குள் தேடிப் பிடிக்க வேண்டியது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

சுவரில் இருந்த கமராவிலிருந்து, லண்டனில் இருந்தபடியே வீட்டுக்காரர் கதைத்ததும் அன்றைக்குத்தான். "டேய், ஆர் உதிலை? உங்கடை துணி காயப்போடவோ நான் மண்டபம் கட்டினது?"

நீ எழும்பிக் கமராவைப் பார்த்து, "ஐயா, எதிரொலிக்குது, அதுதான்..." என்றாய்.

"குடும்பமா வந்து குடியேறிட்டியளோ? திறப்பைப் பக்கத்து வீட்டிலை குடுத்திட்டு நட."

கேற்றைப் பூட்டித் திறப்பை உருவும்போது சிரித்தாய். "அந்தாளின்ரை குரலிலை பேஸ் எண்டதே இல்லையடா."

பிறகு உனக்கு அகப்பட்டது, இன்னொரு வெளிநாட்டுக்காரரின் மேல்மாடிக்குப் பெயின்ற் அடிக்கிற வேலை. ஏறி நின்ற சாரம் முறிந்தது. இடுப்பில் கட்ட ஒரு கயிறு தரவில்லை. உன் செத்தவீட்டில் எல்லோரும் விதி என்றார்கள். கயிறு என்று ஒருவரும் சொல்லவில்லை.

நேற்று நான் பார்த்துக்கொண்டு நிற்க, வீட்டுக்காரர் பக்கத்தில் வந்தார். "உது வேலை செய்யாது தம்பி. எலி கடிச்சு, ஈரம் ஏறிப் பழுதாப்போச்சு. மாதம் ஒருக்கா ஓட விட்டிருந்தால் தப்பியிருக்கும். ஊரிலை நம்பி விட ஆர் இருக்கினம்?"

"ஒருத்தன் கேட்டவன்தானே, ஐயா."

"ஆர்?"

"உங்கடை வீட்டைப் பார்த்தவன். செத்துப்போனான்."

கொஞ்சம் யோசித்தார். "ஓ, அந்தப் பெடியனோ..." வாசலில் ஒரு வான் வந்து நின்றது. "சரி, சாப்பிட்டிட்டுப் போம்."

நான் சாப்பிடவில்லை. அதனால் அவருக்கு ஒன்றும் குறையவில்லை. பந்தியில் ஒரு இலை மிஞ்சியது.

நீ அவரிடம் கேட்டது என் போனில் இருக்கிறது. அவருக்கு அனுப்புவதற்கு முன்பு, மரியாதையாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பிய குரற்பதிவு. "ஐயா, வேலை வேண்டாம், சம்பளமும் வேண்டாம். மாதம் ஒருக்கா வந்து அந்தச் செற்றை ஓட விட்டிட்டுப் போறன். விரிப்பிலை கை வைக்கமாட்டன், ஐயா." நல்லாயிருக்கு, அனுப்பு என்றேன். அவரிடமிருந்து பதில் வரவே இல்லை.

உன் குரல் என்று என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு பதிவுதான். அதிலும் நீ கெஞ்சுகிறாய்.