ஆளில்லாத கோலுக்குள் அடிக்காத பந்து

மச்சான்,

இன்று காலை மனைவி அடுப்புச் சாம்பலை முற்றத்தில் கொட்டித் தண்ணீர் தெளித்தாள். அந்த ஈரச் சாம்பல் மணம் மூக்கில் ஏறியதும் தேத்தண்ணியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். சுண்ணாம்பு கிடைக்காத காலத்தில், அரிசி ஆலையிலிருந்து உமிச் சாம்பலை உரப்பையில் கட்டிச் சைக்கிளில் ஏற்றிவந்து ஸ்கந்தபுரம் மைதானத்தில் கோடு போட்டவன் நீ. "பாம்பு போன தடம் மாதிரிக் கிடக்கு" என்று நான் நக்கலடித்தால், "நீ கொப்பியைப் பார், கோட்டை நான் பாக்கிறன்" என்பாய்.

ஆட்டக் கணக்கு எழுதும் கொப்பிதான் என் பொறுப்பு. எட்டுக் கழகங்கள் ஆடிய எங்கள் உதைபந்தாட்டத் தொடருக்கு நான் செயலாளர், மத்தியஸ்தரும் நானே. நீ உன் கழகத்தின் தலைவன்.

2007இல் நீங்கள் ஏழு ஆட்டத்திலும் தோற்காமல் முதலாவதாக வந்தீர்கள். மேற்குப் பக்கத்து ஊர் அணி தட்டுத் தடுமாறி நாலாவதாக வந்தது. அவர்களின் கோல் காப்பாளனை நாங்கள் நெடுவல் என்போம், அவ்வளவு உயரம். அரையிறுதியில் அவன் உங்கள் தண்ட உதைகளில் இரண்டைப் பிடித்தான். நீங்கள் வெளியே. தோற்றால் வீடு என்ற அந்த முறையை ஒற்றைக்காலில் நின்று வைத்தவன் நான்.

"ஏழு பேரோடையும் தோக்காமல் வந்தவனை ஒரு பின்னேரத்தில வெட்டி விழுத்திறது ஞாயமோடா?"

"புள்ளியிலயே கிண்ணத்தைக் குடுத்தா, கடைசி மட்ச் பாக்க ஆர் வருவினம்?"

நீ விட்டால்தானே! இங்கிலாந்தில் பட்டியலில் முதலாவது வந்தால் கிண்ணம், கதை முடிந்தது. அமெரிக்காவில் அதற்குப் பிறகும் வெட்டி விழுத்துகிறார்கள். அவுஸ்திரேலியாவிலோ முதலிரண்டு அணிகளும் மோதி, தோற்றவர்களுக்கு இன்னோர் ஆட்டம் கொடுக்கிறார்கள். சிட்னியிலிருந்து உன் தமையன் எழுதிய கடிதத்தை என் முகத்துக்கு நேரே ஆட்டி, "இதடா ஞாயம். ஏழு கிழமை உழைச்சவன் ஒருக்காப் பிழை விடலாம்" என்றாய். ஒரு வருடம் என் உயிரை எடுத்துச் சம்மதிக்க வைத்தாய்.

அடுத்த வருடமும் நீங்களே முதலாவது. இரண்டாவது அணியிடம் தோற்றீர்கள். புது முறைப்படி இன்னோர் ஆட்டம் கிடைத்தது. எதிரில், மற்ற ஆட்டத்தில் வென்ற நெடுவலின் அணி. வென்றால் இறுதி ஆட்டம். ஆனால் அந்தக் கிழமை ஷெல் கிட்ட வந்து, அவர்களின் ஊர் முழுதும் இடம்பெயர்ந்துவிட்டது. எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

குறித்த நாளில், நாலு மணிக்கு, உன் பதினொரு பேரும் கோடு கட்டி நின்றார்கள். பார்க்க ஒரு சனமும் இல்லை. எங்கள் தொடரில் எதிரணி வராவிட்டால் சும்மா வெற்றி எழுத முடியாது. வந்தவர்கள் கால்மணி நேரம் காத்திருந்து, பந்தை உருட்டிக்கொண்டுபோய் வெறும் கோலுக்குள் அடிக்க வேண்டும். அதற்குப் பிறகே நான் எழுதலாம்.

விசிலை ஊதினேன். நீ தனியே பந்தை உருட்டிக்கொண்டு போனாய். மேற்கில் குமுறிக்கொண்டிருந்த ஷெல் சத்தமும் அந்த நேரம் நின்றுபோயிற்று. மரத்தில் ஒரு காகம்கூட இல்லை. கோலுக்குப் பத்தடி இருக்க நீ பந்தைக் காலடியில் நிறுத்தி, தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு, அதைக் கையில் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாய்.

"ஏன்டா அடிக்கேல்லை?"

"உள்ளுக்கை நெடுவல் நிக்கிறான். இடுப்பில கட்டின சாரத்தோட நிக்கிறான். உடுப்பு மாத்திப்போட்டு வரட்டும்."

நான் திரும்பிப் பார்த்தேன். இரண்டு பனங்கம்பம், அதற்குப் பின்னால் பற்றைக்காடு. பயத்தை மறைக்கத்தான் அப்படிக் கத்தினேன்: "உனக்கென்ன விசரே? வெல்லத் தெரியாதவனுக்கு எத்தினை மட்ச் தந்தும் என்ன பிரயோசனம்!" நான் கொப்பியில் ஒன்றுக்குப் பூச்சியம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். "அது பொய்யடா" என்று மட்டும் சொன்னாய்.

இறுதி ஆட்டம் நடக்கவில்லை. பத்து நாளில் நாங்களும் மூட்டை கட்டினோம். யுத்தத்தின் கடைசி மாதங்களில் மாத்தளனில் நீ செத்துப்போனாய் என்று பிறகு கேள்விப்பட்டேன். உன்னோடு நான் கடைசியாகக் கதைத்த கதை அந்த ஏச்சுத்தான்.

போன கிழமை என் சைக்கிள் கடைக்கு நெடுவலின் தம்பி ரயர் மாற்ற வந்தான். தமையன் எங்கே என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதே அண்ணை? மட்ச் இருந்த அண்டைக்குக் காலமை, மாட்டை அவிட்டுவிட்டிட்டு வாறன் எண்டு திரும்பி ஊருக்குப் போனவர். ஷெல் விழுந்திட்டுது. மத்தியானம், கட்டியிருந்த சாரத்தோடையே குழி வெட்டித் தாட்டனாங்கள். பின்னேரம் மட்ச் இருக்கு, அப்பிடியே மைதானத்துக்குப் போய் ஆடிப்போட்டுத்தான் வருவன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர்."

ரயர் என் கையை விட்டு உருண்டு தெருவுக்குப் போய்விட்டது. அவனை அனுப்பிவிட்டுக் கடையை மூடினேன்.

பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு ஒரே சொப்பிங் பையில் போட்டுக் காவித் திரிந்ததால் அந்தக் கொப்பி தப்பியிருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறந்து, ஒன்றுக்குப் பூச்சியத்தை வெட்டி, "இரு அணியினரும் வந்திருந்தனர்" என்று எழுதினேன். கீழே இருந்த என் கையெழுத்தை வெட்டவில்லை. அந்தப் பொய்யை எழுதியவன் நான், மச்சான். அது என்னோடேயே இருக்கட்டும்.