டஸ்டுக்குப் பாதி மாத்திரை

ஜூன் 12
டஸ்ட் இன்றும் சாப்பிடவில்லை. மத்தி மீனை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. ஃபேக்டரியில் டஸ்ட் தேயிலைக் குவியலில் கிடந்த பூனை, நிறமும் அதேதான். எங்கள் மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு கற்பகத்துக்கு அதுதான் பிள்ளை.

ஜூன் 14
வண்டிப்பெரியாரில் மிருக டாக்டர் ஜின்சனிடம் காட்டினோம். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "குடல் கனமா உண்டு சேட்டா. அடுத்த வாரம் ஸ்கேன் பாக்கலாம். அதுவரை வேற மருந்து ஒண்ணும் வேண்டா."

ஜூன் 15
என் மூச்சிளைப்பு மாத்திரையில் பாதியைப் பொடித்து மீனில் பிசைந்து வைத்தேன். இதெல்லாம் ஒரு மருந்தா? தேயிலைத் தூசிக்கு நான் தினமும் தின்பதுதானே. போட்டால் எனக்கு அகோரப் பசி வரும், அதற்கும் வரட்டுமே. மீதிப் பாதியை நான் போட்டுக்கொண்டேன். கற்பகத்திடம் சொல்லவில்லை.

ஜூன் 18
தின்றது! தட்டையும் நக்கியது!

ஜூன் 21
ஸ்கேனுக்குப் போகவில்லை. நன்றாயிருக்கிற பூனைக்கு எதற்கு ஸ்கேன்? டாக்டர் போன் பண்ணினார், எடுக்கவில்லை. கற்பகம் பூனைக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள். சிரித்தேன்.

ஜூலை 9
மறுபடியும் வாந்தி. முதுகெலும்பு கையில் தட்டுகிறது. தினமும் கொடுத்தும் மாத்திரை இப்போது கேட்கவில்லை.

ஜூலை 11
ஸ்கேன். வயிற்று மயிரை மழித்தார்கள். "இது நல்ல குடல், கோடு கோடா தெரியுதில்லே?" என்று டாக்டர் திரையைக் காட்டினார். கருவியைக் கொஞ்சம் நகர்த்தினார். கோடு இல்லை. தடித்து, ஒரே கறுப்பு. பக்கத்தில் நெறி கட்டியிருந்தது.
"கேன்சர் மாதிரி உண்டு. ஊசியில எடுத்துப் பாத்தாத்தான் எந்த வகைன்னு தெரியும். இடையில மருந்து ஏதும் கொடுத்தீங்களா?"
"இல்லங்க சார்" என்றாள் கற்பகம்.
நான் சுவரைப் பார்த்தேன்.

ஜூலை 16
ஊசியில் எடுத்ததில் எதுவும் தெளிவாக வரவில்லையாம். தனியாகப் போய் டாக்டரிடம் மாத்திரையைக் காட்டினேன். அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்தார்.
"இது ஸ்டீராய்டு சேட்டா, கேன்சரை மறைச்சு வைக்கும். இனி கொடுக்கிற மருந்தும் சரியா பிடிக்காது. அன்னைக்கே வந்திருந்தா..."
நல்லதுக்குத்தானே செஞ்சேன்? பாவி, நானே கொன்னுட்டேனா? கற்பகத்துக்கிட்ட என்னன்னு சொல்லுவேன் —

ஜூலை 22
போய்விட்டது. எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால், கொய்யா மரத்தடியில் புதைத்தோம். மழை விடவேயில்லை.

ஜூலை 23
காலையில் இளைப்பு. மாத்திரையை எடுத்து, பழக்கத்தில் இரண்டாக உடைக்கப் போனேன். கற்பகம் தண்ணீரை நீட்டினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.
"இனி முழுசாவே போடுங்க" என்றாள்.